ஓவனில் சுடும் பன்றி இறைச்சி சாப்ஸ்: மேல்பூச்சு உதிராமலும் கறி வறளாமலும் இருக்க வழி உண்டா?

ஞானஒளிவுபுரத்து அடுப்படி:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை ஞானஒளிவுபுரத்தில் வசிக்கிறேன். தவக்காலம் முழுவதும் இறைச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு ஈஸ்டர் அன்று பன்றி இறைச்சி சமைப்பது என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் தொடர்ந்து வரும் வழக்கம். மிளகைத் தூக்கலாக அரைத்துப் போட்டு, சின்ன வெங்காயத்தோடு சுருள வதக்கும் வறுவல்தான் எப்போதும் செய்வோம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், அங்கே கடைகளில் கிடைக்கும் ‘ஷேக் அண்டு பேக்’ என்ற பொடிப் பொட்டலம் இரண்டைக் கொண்டுவந்தார். எலும்போடு கூடிய பெரிய துண்டுகளை லேசாக நனைத்து, அந்தப் பொடியைப் போட்ட பையில் இட்டுக் குலுக்கி, ஓவனில் வைத்து எடுத்தார். மேலே மொறுமொறுப்பும் உள்ளே சாறும் உப்பும் பூண்டு மணமுமாக அது அமைந்துவிட்டதால், பிள்ளைகள் இன்றுவரை அதையே கேட்கிறார்கள்.

பொட்டலம் தீர்ந்துவிட்டது. நானே பொடியைத் தயாரிக்கலாம் என்று இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் சரியாக வரவில்லை. பேக்கரியில் வாங்கிய ரஸ்க்கைப் பொடித்து, மிளகாய்த்தூள், மிளகுத்தூள், உப்பு, பச்சைப் பூண்டு விழுது ஆகியவற்றைச் சேர்த்துப் பிசிறி, முட்டையில் தோய்த்த கறியின் மேல் பூசினேன். எங்களிடம் இருப்பது 28 லிட்டர் ஓ.டி.ஜி. ஓவன். 220 டிகிரியில் 40 நிமிடம் வைத்தேன். மேற்புறம் கருகி, அடிப்புறம் ஈரமான ரொட்டிபோல் சொதசொதவென்று இருந்தது. பாதிப் பூச்சு தட்டிலேயே ஒட்டிக்கொண்டது. கறியோ கடிக்க முடியாத அளவுக்கு வறண்டுவிட்டது. என் மாமனாருக்கு 78 வயது, பற்கள் சில விழுந்துவிட்டன. அவர் ஒன்றும் சொல்லாமல் குழம்பை ஊற்றி ஊறவைத்துச் சாப்பிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

வருகிற ஈஸ்டருக்குள் இதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன். இறைச்சிக் கடையில் எந்தப் பகுதியைக் கேட்டு வாங்க வேண்டும், பூச்சு கறியோடு பிடித்து நிற்க என்ன செய்ய வேண்டும், நம் ஊரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அந்தச் சுவையைக் கொண்டுவர முடியுமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியோடு இருப்பேன்.

திருநகர் சமையல்காரன்:

வணக்கம் அக்கா. நான் பயணிகள் கப்பல் ஒன்றின் சமையலறையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது திருநகரில் வீட்டிலிருந்தே விருந்துகளுக்குச் சமைத்துத் தருகிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. கறி வேகவேண்டிய நேரமும் பூச்சு சிவக்கவேண்டிய நேரமும் ஒன்றல்ல. அவ்விரண்டையும் ஒரே சூட்டில், ஒரே நேரத்தில் முடிக்கப் பார்த்ததுதான் சிக்கலுக்குக் காரணம். எனவே பூச்சைத் தனியாக வறுத்து முடித்துவிட்டு, கறியை வேகவைக்கும் பொறுப்பை மட்டும் ஓவனிடம் விடுங்கள்.

நாத்தனார் கொண்டுவந்த பொடியை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் 1965-இல் அதை அறிமுகப்படுத்தியது. எண்ணெயில் பொரிக்காமலே பொரித்ததுபோன்ற மொறுமொறுப்பைத் தருவதுதான் அதன் நோக்கம். அந்தப் பொடியிலேயே எண்ணெய் கலந்திருக்கும். உலர்ந்த ரொட்டித்தூள் எண்ணெய்ப் பசை இல்லாமல் ஓவனுக்குள் போனால், பொன்னிறம் சீராக ஏறாது. சில இடங்கள் வெளுத்துக் கிடக்கும், சில இடங்கள் கருகிவிடும். உங்களுக்குக் கருகியதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. பேக்கரி ரஸ்க்கில் சர்க்கரை நிறைய இருக்கிறது, அது விரைவில் கருகும். பச்சைப் பூண்டு விழுதும் 200 டிகிரிக்கு மேல் நேரடிச் சூடு பட்டால் கருகிக் கசக்கத்தான் செய்யும்.

ஆகவே ரஸ்க்கை விட்டுவிடுங்கள். இனிப்பு குறைந்த சாண்ட்விச் ரொட்டியை வாங்கி, ஒரு நாள் திறந்துவைத்து, பிறகு 100 டிகிரி ஓவனில் 20 நிமிடம் போல நிறம் மாறாமல் உலர்த்தி, மிக்ஸியில் ரவையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும்படி விட்டு விட்டு ஓட்டி எடுங்கள். மாவாக அரைத்துவிட்டால் பூச்சு கெட்டித் தோல்போல் ஆகிவிடும். பெரிய துண்டுகள் நான்கிற்கு ஒன்றரைக் கோப்பை தூள் போதும். இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெயை வாணலியில் ஊற்றி, அந்தத் தூளைச் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் கைவிடாமல் வறுங்கள். நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்பே இறக்கிவிட வேண்டும். மீதி நிறம் ஓவனில் ஏறும்.

சுவைக்கு வருவோம். அந்தப் பொட்டலத்தின் ருசி, காய்ந்த வெங்காயமும் காய்ந்த பூண்டும் உப்பும் சேர்ந்து தரும் ருசி. வெங்காயத்தூள் தேடி நீங்கள் அலைய வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில் சென்ற கோடையில் போட்ட தாளிப்பு வடகம் இருக்குமே, அதுதான் நமக்கு வேண்டிய சரக்கு. சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் கடுகும் உளுந்தும் வெந்தயமும் வெயிலில் காய்ந்து ஒன்றாகியிருக்கும் அந்த உருண்டையில் இரண்டை உதிர்த்து, எண்ணெய் விடாமல் மணம் வரும்வரை வறுத்து, பொடித்து, ஒரு மேசைக்கரண்டி அளவு ரொட்டித்தூளில் சேருங்கள். நான் ஊருக்குத் திரும்பிய முதல் ஆண்டில், வெங்காயத்தூள் தீர்ந்துபோன ஒரு நாளில் என் அம்மா எடுத்துத் தந்தது அது. இன்றுவரை நான் வேறொன்றுக்கு மாறவில்லை. ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போனால் வெந்தயம் கசப்பைக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதோடு ஒரு தேக்கரண்டி பூண்டுத்தூள், ஒரு தேக்கரண்டி ஒன்றிரண்டாக இடித்த மிளகு, அரைத் தேக்கரண்டி சோம்புத்தூள், நிறத்துக்காக அரைத் தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி உப்பு. இவற்றை அடுப்பை அணைத்த பிறகு, வாணலியின் மிச்சச் சூட்டில் கலந்தால் போதும்.

இனி கறி. 40 நிமிடத்தில் அவ்வளவு வறண்டது என்றால், உங்கள் துண்டுகள் ஒரு சென்டிமீட்டர் கனம்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் கடைகளில் குழம்புக்கு வெட்டும் கை, அதைவிடக் கனமாக வெட்டுவதில்லை. இரண்டரை சென்டிமீட்டர் கனம் இல்லாவிட்டால், மேலே நிறம் வருவதற்குள் உள்ளே வறண்டுவிடும். முதுகுக்கறியில் கொழுப்பு குறைவு என்பதால் அதற்குக் காவலும் தேவை. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கல்லுப்பும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் கரைத்து, துண்டுகளை அதில் மூழ்கவைத்து, குளிர்பதனப்பெட்டியில் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை ஊறவிடுங்கள். உப்பு தசைக்குள் இறங்கிப் புரதத்தின் கட்டைத் தளர்த்துவதால், வேகும்போது கறி தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுவது குறைகிறது. பங்குனி வெயிலில் அந்தப் பாத்திரத்தை மேடையில் வைத்துவிடாதீர்கள்.

ஊறியபின் பருத்தித் துணியால் ஈரம் போக ஒற்றி எடுத்து, கம்பித்தட்டின் மேல் மூடாமல் அரை மணி நேரம் மீண்டும் குளிர்பதனப்பெட்டியில் வையுங்கள். பூச்சு உதிர்வதற்கு முதல் காரணம் கறியின் மேலுள்ள ஈரம்தான். அது சூட்டில் ஆவியாகிப் பூச்சை அடியிலிருந்து தூக்கிவிடுகிறது. இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. துண்டின் விளிம்பில் ஓடும் கொழுப்புக்கும் கறிக்கும் நடுவே ஒரு வெண்சவ்வு இருக்கிறது. அது சூட்டில் கறியைவிட அதிகமாகச் சுருங்கித் துண்டையே வில்போல் வளைத்துவிடும், அந்த வளைவில் பூச்சு விரிசல் விட்டு விழும். ஆகவே மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக, கொழுப்பையும் சவ்வையும் மட்டும் கத்தியால் கீறிவிடுங்கள்.

முதலில் சோளமாவை மெல்லத் தூவித் தட்டிவிட்டு, ஒரு தேக்கரண்டி கடுகு விழுது சேர்த்து அடித்த முட்டையில் தோய்த்து, வழிந்து முடியும்வரை பிடித்து, பிறகு ரொட்டித்தூளில் வைத்து உள்ளங்கையால் இருபுறமும் அழுத்துங்கள். பூசியபின் 15 நிமிடம் அப்படியே விட்டால் மாவும் முட்டையும் பசைபோல் பிடித்துக்கொள்ளும். ஓவனை மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி 200 டிகிரியில் 15 நிமிடம் முன்சூடாக்கி, தட்டின் மேல் கம்பிவலையை வைத்து, அதன் மேல் துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, நடுத்தட்டில் வையுங்கள். கம்பிவலை இருந்தால் அடிப்புறத்திலும் சூடான காற்று படும், சொதசொதப்பு வராது. 22 நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம். கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுங்கள் என்று வேண்டிக்கேட்கிறேன். எலும்பைத் தொடாமல், துண்டின் நடுவே பக்கவாட்டில் குத்திப் பார்க்க வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறை 2011-இல் முழுத்துண்டுப் பன்றி இறைச்சிக்கான அளவை 71 டிகிரியிலிருந்து 63 டிகிரியாகக் குறைத்து, எடுத்தபின் மூன்று நிமிடம் ஆறவிடச் சொன்னது. கப்பலிலும் நாங்கள் அந்த அளவைத்தான் பின்பற்றினோம்.

உசிலம்பட்டி கால்நடை மருத்துவர்:

அம்மா, வணக்கம். அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேலே தம்பி எழுதியிருக்கும் சமையல் முறை சிறப்பாக இருக்கிறது. ஆனால் 63 டிகிரி என்ற ஓர் இடத்தில் மட்டும் மாறுபட வேண்டியிருக்கிறது. அந்த அளவு, பண்ணையில் அடைத்து வளர்த்து, வெட்டும் முன்னும் பின்னும் ஆய்வு செய்யப்பட்ட இறைச்சி கிடைக்கும் நாட்டில் சொல்லப்பட்டது. நம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை சாலையோரம் வாங்கும் இறைச்சி எங்கே வளர்ந்தது, என்ன தின்றது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. ஆகவே நம் வீடுகளில் 71 டிகிரி என்ற பழைய அளவையே கைக்கொள்ளுங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் மக்களிடையே குழப்பம் நிறைய இருக்கிறது. திறந்தவெளியில் மலம் தின்று திரியும் பன்றியின் தசையில் ‘டீனியா சோலியம்’ என்னும் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் தங்கக்கூடும். சரியாக வேகாத அந்தக் கறியை உண்டால், மனிதக் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் நீர்க்கட்டி உண்டாகி வலிப்பு வருவது இதே புழுவால்தான் என்றாலும், அது கறியை உண்பதால் நேரடியாக வருவதில்லை. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து வெளியேறும் முட்டைகள், அழுக்கான கை, தண்ணீர், கழுவாத காய் கீரை ஆகியவற்றின் வழியாக வாய்க்குள் போவதால் வருகிறது. பன்றி இறைச்சியைத் தொடாத குடும்பங்களிலும் அந்த நோய் வருவதற்கு இதுவே காரணம். கறியை நன்றாக வேகவைப்பதும், கழிப்பறைக்குப் போய்வந்தபின் சோப்பால் கை கழுவுவதும் சேர்ந்தால்தான் அந்தச் சுழற்சி அறும்.

வாங்கும்போது வெண்பன்றி இறைச்சியாகப் பார்த்து வாங்குங்கள். நம் பண்ணைகளில் வளர்ப்பவை பெரும்பாலும் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலிருந்து வந்த பெரிய வெள்ளை யார்க்‌ஷயர் இனமோ, அதனுடன் நாட்டுப்பன்றியைக் கலந்த இனமோதான். காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமும் அப்படியொரு கலப்பினத்தை உருவாக்கிப் பண்ணையாளர்களுக்குக் கொடுத்துவருகிறது. கறி இளஞ்சிவப்பாக, தொட்டால் இறுக்கமாக, கொழுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். வெட்டிய பரப்பில் அரிசிமணி முதல் பட்டாணி வரையிலான அளவில் வெண்ணிற நீர்க்குமிழிகள் தென்பட்டால் அந்த இறைச்சியை வாங்கவே கூடாது.

பகுதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் சாப்ஸ் என்றால் ஆட்டு நெஞ்செலும்பு என்றே கடைக்காரர் எடுத்துக்கொள்வார். ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டு, முதுகெலும்பின் ஒரு பக்கமாகத் தோளிலிருந்து இடுப்புவரை ஓடும் கறியை, விலா எலும்போடு, துண்டு போடாமல் முழுதாக வேண்டும் என்று முந்தின நாள் மாலையிலேயே சொல்லிவையுங்கள். காலையில் போனால், எல்லாம் புளியங்கட்டையின் மேல் சிறு துண்டுகளாகியிருக்கும். தோலை உரித்துத் தரச் சொல்லி, விலா எலும்பு ஒவ்வொன்றுக்கும் நடுவே கத்தி போகும்படி முதுகெலும்பை மட்டும் அவரை வெட்டித்தரச் செய்யுங்கள். வீட்டில் ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்துச் சற்று இறுகியபின் நீங்களே அறுத்தால் கனம் சீராக வரும். மாமனாருக்கு வைக்கும் துண்டைத் தோள்பக்கத்து முனையிலிருந்து எடுங்கள். இடுப்புப் பக்கத்தைவிட அங்கே கறிக்குள் கொழுப்பு அதிகம் ஓடுவதால், 71 டிகிரிவரை வெந்தாலும் மென்மை கெடாது.

திருநகர் சமையல்காரன்:

ஐயா சொல்வதை மனமார ஏற்றுக்கொள்கிறேன். கப்பலில் எங்களுக்கு வந்த இறைச்சி வேறு, இங்கே கிடைப்பது வேறு என்பதை நான் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அக்கா, 69 டிகிரி காட்டும்போது வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விட்டால், உள்சூடு தானே 71-ஐத் தொடும். தொடுகிறதா என்று மீண்டும் குத்திப் பார்த்துவிட்டே பரிமாறுங்கள். தொடவில்லையென்றால் ஓவனில் இன்னும் இரண்டு நிமிடம் வைத்துக்கொள்ளலாம். உப்புநீரில் ஊறவைப்பதைத் தவிர்க்காதீர்கள். 63-இல் எடுப்பதானால் அது இல்லாமலும் சமாளிக்கலாம், 71 வரை போகும்போது அது இல்லாமல் முடியாது.

மேலூர் வாசகி:

ரொட்டித்தூளுக்குப் பதிலாகப் பொட்டுக்கடலை மாவைப் பயன்படுத்த முடியுமா? கோலா உருண்டைக்கு அதைத்தான் சேர்க்கிறோம். எங்கள் வீட்டில் மைதா சேர்ந்த ரொட்டி யாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. இட்லிப்பொடியைத் தூவிப் பார்க்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

திருநகர் சமையல்காரன்:

முழுவதும் பொட்டுக்கடலை என்றால் பூச்சு அடைபோல் இறுகிவிடும் அம்மா. கோலாவில் அது கறியைச் சேர்த்துப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது, மொறுமொறுப்புக்கு அது உதவாது. உங்களுக்கு அவலை நான் பரிந்துரைப்பேன். கெட்டி அவலை வெறும் வாணலியில் நொறுங்கும் பதத்துக்கு வறுத்து, ஒன்றிரண்டாகப் பொடித்து, மூன்று பங்கு அவலுக்கு ஒரு பங்கு பொட்டுக்கடலை மாவு கலந்து, எண்ணெயில் பிசிறிக்கொள்ளுங்கள். இட்லிப்பொடியில் பருப்பு ஏற்கெனவே சிவக்க வறுபட்டிருப்பதால் ஓவனில் கருகும். பரிமாறும்போது மேலே தூவிக்கொண்டால் நன்றாக இருக்கும்.

கொடைக்கானல் பண்ணைவீடு:

பூண்டுத்தூளைப் பற்றி மட்டும் சொல்ல வந்தேன். கடைத்தூள் பெரும்பாலும் மணம் போனதாகவே கிடைக்கிறது. எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் மதுரைக் கடைகளிலும் அது தாராளமாக வருகிறது. பற்களைத் தோல் நீக்கி மெல்லிய வட்டங்களாகச் சீவி, ஓவனில் 65 அல்லது 70 டிகிரியில், கதவைச் சற்றே திறந்துவைத்து, ஒடித்தால் ஓசை கேட்கும் பதம் வரும்வரை உலர்த்துங்கள். மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். உங்கள் ஊர் வெயிலில் மெல்லிய துணி போர்த்தி மொட்டைமாடியில் வைத்தால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். பொடித்தபின் காற்றுப் புகாத புட்டியில் வைத்தால் ஈஸ்டருக்கும் ஆகும், அதற்கப்புறம் ரசத்துக்கும் ஆகும். எங்கள் வீட்டில் பன்றி இறைச்சிப் பூச்சில் தைம் இலையைக் காயவைத்துக் கசக்கிப் போடுவோம், ஒரு தேக்கரண்டி போதும். ரோஸ்மேரி என்றால் அதில் கால் பங்குக்கு மேல் வேண்டாம், கற்பூரம்போல் வாடை அடிக்கும். சோம்பு போடுகிறவர்கள் இவ்விரண்டையும் விட்டுவிடுவது நல்லது, ஒன்றையொன்று கெடுக்கும்.

ஞானஒளிவுபுரத்து அடுப்படி:

உங்கள் அனைவருக்கும் என் நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஈஸ்டர் வரை காத்திராமல், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே ஒத்திகை பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலை கடைக்காரரிடம் சொல்லிவைத்தபடியே, விலா எலும்போடு முதுகுக்கறி ஒன்றே கால் கிலோ முழுதாகக் கிடைத்தது. இப்படி யாரும் கேட்டதில்லை என்று சொல்லி, எதற்கு என்று விசாரித்துவிட்டு, முதுகெலும்பில் நான்கு இடத்தில் அவரே பார்த்து வெட்டிக்கொடுத்தார். அளவுகோல் வைத்துப் பார்த்தே அறுத்தேன், இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் ஐந்து துண்டுகள் வந்தன. தம்பி சொன்ன கணக்கில் உப்புநீரில் ஒன்றேகால் மணி நேரம் ஊறவைத்தேன். வடகத்தை வறுத்துப் பொடித்தபோது எழுந்த மணத்துக்கு, பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப்புறமிருந்தே என்ன குழம்பு என்று கேட்டார். ரொட்டித்தூளை வாணலியில் வறுக்கும்போது ஒரு நிமிடம் வாசலுக்குப் போய்விட்டேன், அதற்குள் ஓரத்தில் கருத்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி வறுத்தேன். கைவிடாமல் கிளற வேண்டும் என்று எழுதியிருந்ததன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

வெப்பமானியைக் கொண்டு பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் ஓவனில் 200 என்று திருகினால், உள்ளே 220 டிகிரி வரை போகிறது. ஓவனுக்குள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றையும் சேர்த்தே வாங்கியிருந்தேன், அதில் பார்த்துக் கண்டுகொண்டேன். முன்பு நான் 220 என்று திருகியபோது உள்ளே எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால், கருகியதில் வியப்பில்லை. இந்த முறை குமிழை 180-க்குச் சற்று மேலே நிறுத்தி, 24-ஆம் நிமிடத்தில் குத்திப் பார்த்தபோது நடுத்துண்டு 66 காட்டியது, 27-இல் 69 காட்டியது. வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விட்டபின் 72-க்கு வந்துவிட்டது. ஓரத்தில் இருந்த துண்டு மட்டும் இரண்டு டிகிரி கூடுதலாக வெந்திருந்தது.

நான்கு துண்டுகளில் பூச்சு முழுதாக நின்றது. ஒன்றில் மட்டும் ஒரு விளிம்பில் பெயர்ந்தது. சவ்வைக் கீற மறந்த துண்டு அதுதான், நீங்கள் எழுதியதைப்போலவே வளைந்திருந்தது. அடிப்புறமும் மொறுமொறுப்பாக இருந்தது. தோள்பக்கத்துத் துண்டை மாமனாருக்கு வைத்தேன். முதலில் கத்தியால் சிறிதாக நறுக்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையிலேயே எடுத்துச் சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து பார்த்து, வடகம் போட்டிருக்கிறாயா என்று கேட்டார். அவருடைய அம்மா கறிக்குழம்பை வடகம் போட்டுத் தாளிப்பாராம், அதை இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் அவர் சொன்னதே இல்லை. பிள்ளைகள் மட்டும் நாத்தனார் செய்ததில் இன்னும் கொஞ்சம் இனிப்பு இருந்ததாகச் சொல்கிறார்கள்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி இருக்கின்றன. அந்த இனிப்பை எப்படிச் சேர்ப்பது? ஈஸ்டர் காலையில் பூசை முடிந்து வந்தபின் விருந்தினர் பன்னிரண்டு பேருக்குச் செய்ய வேண்டும், ஓவனில் ஒரு முறைக்கு ஐந்து துண்டுகள்தான் கொள்ளும். முன்கூட்டியே எவ்வளவு வேலையை முடித்துவைக்கலாம்?

திருநகர் சமையல்காரன்:

படித்ததும் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது அக்கா. இனிப்புக்கு, ரொட்டித்தூளில் எதுவும் சேர்க்காமல், முட்டையோடு கலக்கும் கடுகு விழுதில் அரைத் தேக்கரண்டி தேன் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சின் அடியில் இருப்பதால் அது கருகாது.

பன்னிரண்டு பேருக்கு மூன்று ஈடு வைக்க வேண்டியிருக்கும். ரொட்டித்தூளை மூன்று நாள் முன்பே வறுத்து, நன்றாக ஆறவிட்டு, புட்டியில் வைத்துவிடலாம். கறியைச் சனிக்கிழமை இரவு உப்புநீரிலிருந்து எடுத்து, துடைத்து, கம்பித்தட்டில் மூடாமல் குளிர்பதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மேல்தட்டில் வைத்தால் அதிலிருந்து சொட்டும் நீர் கீழே உள்ள பண்டங்களில் விழும். இரவு முழுவதும் உலர்ந்த கறியில் பூச்சு இன்னும் நன்றாகப் பிடிக்கும். பூசும் வேலையை மட்டும் காலையில், ஒவ்வோர் ஈட்டுக்கும் கால் மணி நேரம் முன்பு செய்யுங்கள். இரவே பூசிவைத்தால் தூள் ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடும். முதல் ஈடு வெந்ததும் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடிவிடாதீர்கள், ஆவியில் மொறுமொறுப்பு போய்விடும். கம்பிவலையின் மேலேயே பரப்பிவைத்து, மூன்றாம் ஈடு வெந்து வெளியே வந்தபின், அதே ஓவனில் 170 டிகிரியில் நான்கைந்து நிமிடம் காட்டி எடுத்தால் எல்லாம் ஒரே சூட்டில் இலைக்கு வரும்.